எழுபது வயசுக்கு ஐந்து நாள் குறைச்சல்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நாலாங்கிளாஸ் கணக்குதான், பயப்படாதீர்கள்.

இத்தாலியில் ஒரு சட்டம் இருக்கிறது. பொதுச் சொத்தாக இருக்கும் ஒரு கட்டடத்துக்கு 70 வயசு முடிந்துவிட்டது, அதை வடிவமைத்தவரும் உயிரோடு இல்லை என்றால், அது பாரம்பரியச் சின்னமா இல்லையா என்று ஆராய்ந்து முடிவு சொல்லும்வரை சட்டம் அதைச் சின்னமாகவே பாவிக்கும். இஷ்டத்துக்குக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மிலன் நகரத்தின் சான் சிரோ ஸ்டேடியத்தின் இரண்டாவது அடுக்கு 1955-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு 70 வயசு நிறைகிற தேதி 2025 நவம்பர் 10.

அந்த ஸ்டேடியத்தை நகராட்சி விற்றுப் பத்திரம் முடித்த தேதி 2025 நவம்பர் 5.

கழித்துப் பாருங்கள். ஐந்து நாள்!

இது தற்செயல் என்று யாராவது சொன்னால், அவரைக் கும்பிட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போகிறேன். தற்செயல் இல்லை என்பது மிலனில் எல்லோருக்கும் தெரியும். 2025 முடிவதற்குள் பாதுகாப்பு வந்துவிடும் என்று பாரம்பரியத் துறை 2023-லேயே நகராட்சியிடம் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அந்தத் தேதியை முந்துவதற்கான ஓட்டப்பந்தயம். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. இந்த வயசு வரம்பு முன்னால் 50-தான் இருந்தது. பொதுக் கட்டடங்களுக்கு அதை 70 ஆக உயர்த்தியது 2011-ல். பழைய வரம்பே இருந்திருந்தால் 1955-ன் அடுக்கு 2005-லேயே அதைத் தாண்டியிருக்கும்.

நம்ம கிளாஸில் பாதிப் பேர் ஏசி மிலன் அல்லது இன்டர் கட்சி. ராத்திரி ஒன்றரை மணிக்கு சாம்பியன்ஸ் லீக் பார்த்துவிட்டு முதல் பீரியடில் தூங்குகிறவர்கள். "புது ஸ்டேடியம் வந்தா நல்லதுதானே, எதுக்கு இந்தப் பழசைக் கட்டிக்கிட்டு அழணும்?" என்று கேட்கிறவர்களும் அவர்களேதான். அவர்களுக்காகத்தான் இந்த நீளமான புலம்பல்.

எதை விற்றார்கள்?

1926 செப்டம்பர் 19. மிலனுக்கும் இன்டருக்கும் நட்பு ஆட்டம், இன்டர் 6-3 என்று ஜெயித்தது. சான் சிரோ திறந்த நாள் அது. அப்போது ஏசி மிலனின் தலைவராக இருந்த பியரோ பிரெல்லி கட்டவைத்தார். ஆமாம், டயர் கம்பெனி பிரெல்லி குடும்பம்தான். வடிவமைத்தவர்களில் ஒருவர் உலிஸ்ஸே ஸ்டாக்கினி. மிலன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை வரைந்தவரும் அவரே. குதிரைப் பந்தய மைதானத்துக்குப் பக்கத்தில், இங்கிலாந்து பாணியில் நாலு பக்கமும் நாலு தனித்தனி கேலரி. 35,000 பேர் பார்க்கலாம்.

1935-ல் நகராட்சி அதை வாங்கியது. இந்த வரியைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று முதல் 2025 வரை, 90 வருஷம், அது மிலன் மக்களின் சொத்து. இரண்டு கிளப்புகளும் அங்கே குடித்தனம் இருந்தவர்கள். 1947-ல்தான் இன்டர் அங்கே குடிவந்தது.

1955-ல் இரண்டாவது அடுக்கு வந்தது. போட்டோவில் ஸ்டேடியத்தைச் சுற்றிலும் சாய்வாகப் பட்டை பட்டையாகக் கோடு தெரியும் இல்லையா? அது அலங்காரம் இல்லை. மக்கள் ஏறி இறங்கும் சாய்தளப் பாதைகள். மேலே போகிற வழியையே கட்டடத்தின் முகமாக ஆக்கிவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பட்டைகளில் சுற்றிச் சுற்றி இறங்குவதை வெளியிலிருந்து பார்த்தால் கட்டடமே சுழல்கிற மாதிரி இருக்கும். சிவில் படிக்கிற யாருக்கும் இதைப் பார்த்துப் பொறாமை வரவில்லையென்றால் அவர்கள் பிரிவு மாறிக்கொள்வது நல்லது :-)

பிறகு 1990 உலகக் கோப்பை. மூன்றாவது அடுக்கு, கூரை. ஏற்கெனவே இருக்கும் அடுக்குகள் மேல் புதுப் பாரத்தை ஏற்றாமல், வெளியே 11 உருளைக் கான்கிரீட் கோபுரங்களை எழுப்பி அவற்றின் மேல் உட்காரவைத்தார்கள். அதில் நாலு மூலைக் கோபுரங்கள் மட்டும் இன்னும் உயர்ந்து போய், கூரையைத் தாங்கும் அந்தப் பிரம்மாண்டமான சிவப்பு உத்தரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆக ஒரே கட்டடத்தில் 1926, 1955, 1990 என்று மூன்று தலைமுறை இஞ்சினியரிங். முந்தையதை இடிக்காமல் அதன் மேலேயே அடுத்தது. "பழசை வைத்துக்கொண்டே புதுசு கட்ட முடியாது" என்று இன்று சொல்கிறார்களே, அந்த வாதத்துக்கு எதிரான சாட்சி வேறெங்கும் இல்லை, அந்த ஸ்டேடியமேதான்.

அங்கே நடந்ததை எல்லாம் எழுதினால் விடிந்துவிடும். சாம்பிளுக்குக் கொஞ்சம். 1990 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் மரடோனாவின் அர்ஜென்டினாவை கேமரூன் 1-0 என்று கவிழ்த்தது அங்கேதான். 1980-ல் பாப் மார்லி பாடியது அங்கேதான். 2003 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் மிலனும் இன்டரும் மோதின. முதல் ஆட்டம் 0-0, இரண்டாவது 1-1. இரண்டுமே இதே ஸ்டேடியத்தில். ஆனாலும் 'வெளியூரில் அடித்த கோல்' விதிப்படி மிலன் இறுதிக்குப் போனது! சொந்த வீட்டின் ஹாலில் உட்கார்ந்துகொண்டே வெளியூர் போய்வந்த கணக்கு. 2005-ல் தீப்பந்தங்கள் மழையாக விழுந்து புகை சூழ்ந்த மைதானத்தில், இன்டரின் மத்தராஸ்ஸி மிலனின் ரூயி கோஸ்டா தோளில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும் அந்தப் போட்டோ உங்களில் பாதிப் பேர் டெஸ்க்டாப்பில் இருந்திருக்கும். 2025 மே மாதம் இன்டர் பார்சிலோனாவை 4-3 என்று வீழ்த்திய ராத்திரியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். அடுத்த நாள் வகுப்பு வருகைப் பதிவேடு சொல்லும்.

என்ன விலைக்கு? யாருக்கு?

2025 செப்டம்பர் 29 அன்று மிலன் நகரசபை கூடியது. விடிய விடிய விவாதம். மறுநாள் விடிவதற்கு முன் வாக்கெடுப்பு. விற்கலாம் என்று 24 பேர், கூடாது என்று 20 பேர். மேயர் ஜுசெப்பே சாலாவின் சொந்தக் கூட்டணியிலேயே சிலர் எதிர்த்து வாக்களித்தார்கள். மூன்றே மூன்று பேர் இந்தப் பக்கம் வந்திருந்தால் 21-க்கு 23 என்று தீர்மானம் தோற்றிருக்கும்.

விலை 19 கோடியே 70 லட்சம் யூரோ. ஸ்டேடியமும் சுற்றியுள்ள நிலமும் சேர்த்து சுமார் 2,80,000 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 700 யூரோ வருகிறது. ஐரோப்பாவிலேயே நிலவிலை எகிறிக்கொண்டிருக்கும் நகரங்களில் ஒன்றில், மெட்ரோ வாசலில், இந்த விலை! இதைத் தவிர, அந்த இடத்தில் செய்யவேண்டிய சில வேலைகளுக்காக நகராட்சியே சுமார் 2 கோடியே 20 லட்சம் யூரோ வரை ஏற்றுக்கொள்கிறதாம்.

விலையை மதிப்பிட்டது அரசாங்கத்தின் வரித்துறை அமைப்பு, அதில் தில்லுமுல்லு இல்லை என்பார்கள். சரி, ஒத்துக்கொள்வோம். ஆனால் வாங்கியது யார் என்று பாருங்கள். காகிதத்தில் ஏசி மிலனும் இன்டரும். நிஜத்தில்? ஏசி மிலன் 2022 முதல் ரெட்பேர்ட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் கையில். இன்டர் 2024 மே முதல் ஓக்ட்ரீ என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தின் கையில். அதுவும் எப்படி? முந்தைய முதலாளி வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டாததால் வந்து சேர்ந்தது. இந்த மாதிரி நிறுவனங்கள் வாங்குவது விற்பதற்காக. அது தப்பு என்று நான் சொல்லவில்லை, அவர்கள் தொழிலே அதுதான். ஆனால் 90 வருஷம் நகரத்தின் கையில் இருந்த ஒன்றை, பத்து வருஷம்கூட இருப்பார்களா என்று தெரியாதவர்கள் கையில் கொடுத்துவிட்டு, 'நகரத்தின் எதிர்காலம்' என்று பேசுவதைத்தான் தாங்க முடியவில்லை.

அவர்கள் சொல்லும் காரணங்கள்

எதிர்க்கட்சி வாதத்தைச் சொல்லாமல் திட்டுவது நியாயமில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1) "ஸ்டேடியம் பழசாகிவிட்டது."

ஆகிவிட்டதுதான். கழிப்பறை போதாது, நடைவழி நெருக்கடி, மூன்றாவது அடுக்கும் கூரையும் வந்த பிறகு வெளிச்சமும் காற்றும் குறைந்து புல் வளராமல் பாடாய்ப் படுத்தியது, கடைசியில் செயற்கை இழை கலந்த புல் போட்டார்கள். எல்லாம் உண்மை. ஆனால் இதெல்லாம் ரிப்பேர் செய்யவேண்டியவற்றின் பட்டியல். இடிப்பதற்கான பட்டியல் எப்போதிலிருந்து ஆனது? நோயாளிக்குச் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி எல்லாம் இருக்கிறது, அதனால் சுடுகாட்டுக்குத் தூக்கு என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை. பழசான அதே ஸ்டேடியத்தில்தான் 2026 பிப்ரவரி 6 அன்று குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்கவிழா நடந்தது. உலகத்துக்குக் காட்ட மட்டும் அழகாக இருக்கிறதாக்கும்!

2) "உள்ளே ஆட்டம் நடக்கும்போதே புதுப்பிக்க முடியாது."

முடியும் என்று 2024-ல் வீபில்ட் என்ற இத்தாலியின் மிகப்பெரிய கட்டுமான நிறுவனமே திட்டம் போட்டுக் கொடுத்தது. கேட்டது நகராட்சி. கிளப்புகள் பார்த்துவிட்டு, செலவு அதிகம், வேண்டாம் என்றன. ஆக 'முடியாது' என்பது பொய். 'லாபமில்லை' என்பதுதான் நிஜம். அதை நேராகச் சொன்னால் விவாதம் நேராக நடந்திருக்கும்.

3) "உலகத்தரம் வேண்டும். 2032 யூரோ கோப்பை வருகிறது."

இதே சான் சிரோவுக்கு 2027 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் ஒதுக்கப்பட்டிருந்தது. 2024 செப்டம்பரில் யூஈஎஃப்ஏ அதைத் திரும்பப் பெற்றது. ஸ்டேடியம் தரமில்லை என்பதற்காக இல்லை. அந்த நேரத்தில் அங்கே வேலை நடக்குமா, நடக்காதா என்று நகராட்சியால் உறுதி சொல்ல முடியவில்லை என்பதற்காக! கட்டடம் தோற்கவில்லை ஐயா, முடிவெடுக்க வேண்டியவர்கள் தோற்றார்கள்.

4) "2020-ல் பாரம்பரியத் துறையே இது சின்னம் இல்லை என்று சொல்லிவிட்டதே?"

இதுதான் அவர்களுடைய துருப்புச்சீட்டு. ஆனால் அதற்குச் சொன்ன காரணத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டும். 1926-ல் கட்டியதில் இன்று மிச்சம் கொஞ்சம்தான், மற்றவற்றுக்கு 70 வயசு ஆகவில்லை என்பது அந்த முடிவின் சாரம். அதாவது '1955-ன் அடுக்கு மதிப்பில்லாதது' என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. 'இன்னும் வயசு வரவில்லை' என்றார்கள். வயசு வரும் நேரத்தில்தான் விற்றார்கள்.

5) "வருமானம்."

இங்கேதான் முடிச்சு. ஃபாஸ்டர் நிறுவனமும் மனிகா நிறுவனமும் சேர்ந்து வடிவமைக்கப்போகும் புது ஸ்டேடியத்தில் 71,500 இருக்கை. இப்போது இருப்பது 75,000-க்கும் மேல். அதிகச் செலவு செய்து குறைவான இருக்கை ஏன் கட்டுகிறார்கள்? இருக்கைகளின் எண்ணிக்கையில் லாபம் இல்லை, எந்த இருக்கை என்பதில் இருக்கிறது. கம்பெனிகளுக்கான பாக்ஸ், சாப்பாட்டோடு சேர்ந்த விலையுயர்ந்த சீட்டு இதெல்லாம்தான் காசு. போகட்டும், கிளப்புக்குக் காசு வேண்டும். ஆனால் சான் சிரோவின் உச்சியில், மூன்றாவது அடுக்கில், வீரர்கள் எறும்பு மாதிரி தெரியும் இடத்தில் உட்கார்ந்து கத்துகிற பையன் எங்கே போவான்? அவனும் அந்த நகரத்து வரிகட்டிதானே? நகரசபை யாருடைய பிரதிநிதி?

மக்கள் கேட்கவில்லையா?

கேட்டார்கள். 2019-ல் இந்தத் திட்டம் வெளியே வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். குழுக்கள் அமைத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். பொது வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று மனு கொடுத்தார்கள், அது ஏற்கப்படவில்லை. 'பொது விவாதம்' என்று ஒன்றை 2022-ல் நகராட்சி நடத்தியது. அதில் பேசப்பட்டது புது ஸ்டேடியம் எப்படி இருக்கவேண்டும் என்பது. பழையதை வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி வாசலிலேயே நின்றது. கல்யாணமே வேண்டாம் என்கிற பெண்ணிடம் புடவை என்ன கலர் என்று கேட்பது மாதிரி.

ஒரு விஷயம் தெளிவாகச் சொல்கிறேன். நகரசபைக்கு விற்கும் அதிகாரம் இருக்கிறது. வாக்கெடுப்பு நடந்தது, சட்டப்படி ஜெயித்தார்கள். எனக்கு அதில் சண்டை இல்லை. சண்டை அந்த ஐந்து நாளில்தான். ஒரு பாதுகாப்புச் சட்டம் தன் சொத்துக்குப் பொருந்தப்போகிறது என்று தெரிந்தால், பொறுப்பான சொத்துக்காரர் என்ன செய்வார்? பரிசோதனை நடக்கட்டும், மதிப்பில்லை என்று வந்தால் விற்போம் என்பார். நவம்பர் 10-க்குப் பிறகும் பாரம்பரியத் துறை 'மதிப்பில்லை' என்றே சொல்லியிருக்கலாம். அப்போது நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். கேள்வி கேட்கப்படுவதற்கு முன்னாலேயே தாளைக் கிழித்துப்போட்டது எதற்கு? பதில் என்னவாக வரும் என்று அவர்களுக்கே பயம் இருந்திருக்கிறது. இந்த நேரத்தில் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அதே 2025 ஜூலையில் மிலனின் நகரத் திட்ட அனுமதிகள் பற்றிப் பெரிய அளவில் ஊழல் விசாரணை வெடித்து, அந்தத் துறையின் பொறுப்பாளர் ராஜினாமா செய்திருந்தார். குற்றம் நிரூபணமாவது கோர்ட்டின் வேலை. ஆனால் அப்படி ஒரு வேளையில் நிதானமாகப் போகவேண்டும் என்று சாதாரண புத்திக்குத் தோன்றாதா?

பாதுகாத்தால் மட்டும் போதுமா?

போதாது. அதையும் சொல்லிவிடுகிறேன். ரோமில் ஃப்ளமீனியோ என்று ஒரு ஸ்டேடியம். கான்கிரீட்டில் கவிதை எழுதியவர் என்று நாம் படிக்கிறோமே, பியர் லூயிஜி நெர்வி, அவர் தன் மகனோடு சேர்ந்து 1960 ஒலிம்பிக்குக்காகக் கட்டியது. இடிக்கமாட்டார்கள். ஆனால் 2011-க்குப் பிறகு இத்தாலி ரக்பி அணி அங்கே ஆடுவதை நிறுத்த, பூட்டிப் போட்டுப் புதர் மண்டவிட்டார்கள். பயன்பாடு இல்லாத பாதுகாப்பு மெதுவாக இடிப்பதுதான்.

இன்னொரு பக்கம் ஃப்ளாரன்ஸ். அதே நெர்வியின் 1931 ஸ்டேடியம். சுழல் படிக்கட்டுகளும் உயரமான கோபுரமும் உலகப் புகழ் பெற்றவை. அங்கேயும் கிளப் முதலாளி இடித்துக் கட்டத்தான் விரும்பினார். அரசாங்கம் முடியாது என்றது. இப்போது என்ன நடக்கிறது? பழைய கான்கிரீட்டை வைத்துக்கொண்டே புதுப்பிக்கிறார்கள், ஃபியோரென்டினா ஒரு பக்கம் ஆடிக்கொண்டே இருக்கிறது. தாமதம், பணத் தகராறு எல்லாம் உண்டு. ஆனால் செய்கிறார்கள்.

மூன்றாவது உதாரணம் அமெரிக்காவின் டெட்ராய்ட். 1912-ல் திறந்த டைகர் ஸ்டேடியத்தில் 1999-ல் கடைசி பேஸ்பால் ஆட்டம். அதைக் காப்பாற்ற ஒரு அமைப்பு பணம் திரட்டிக்கொண்டிருக்கும்போதே 2009-ல் மொத்தமாக இடித்து முடித்தார்கள். என்ன அவசரம், அங்கே பெரிதாக ஏதோ வந்ததா? ஒன்றும் வரவில்லை. வருஷக்கணக்கில் காலி மனை. அந்த ஊர் ரசிகர்கள் தாங்களாகவே புல்வெட்டும் இயந்திரத்தோடு உள்ளே போய், களை பிடுங்கி, பழைய ஆடுகளத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டார்கள். 2018-ல் கடைசியில் அதே இடத்தில் சிறுவர்களுக்கான மைதானம் வந்தது. நகரத்து மக்கள் முதலிலேயே கேட்டதும் அந்த மாதிரி ஒன்றைத்தான். நடுவில் கட்டடம்தான் போய்விட்டது.

நமக்கு என்ன வந்தது?

நாளைக்கு நாமும் எஞ்சினியர் என்று கையெழுத்துப் போடப்போகிறோம். 'ஆயுள் முடிந்தது' என்று ஒரு அறிக்கை நம் மேஜைக்கு வரும். 1990-ல் கட்டிய கோபுரங்களுக்கு 2025-ல் 35 வயசு. ஒழுங்காகப் போட்ட கான்கிரீட்டுக்கு 35 என்பது வாலிபம். அதை உடைத்து, அள்ளி, பக்கத்திலேயே நூறு கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து மறுபடி சிமென்ட்டும் கம்பியும் கொட்டி, அதன் மேல் சோலார் தகடு வைத்து 'பசுமைக் கட்டடம்' என்று பெயர் வைப்பார்கள். சிமென்ட் தயாரிப்பில் எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்று நமக்குத் தெரியாதா? ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் கட்டடத்தைவிடப் பசுமையான கட்டடம் கிடையாது என்பது நம் பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்கவேண்டிய வாக்கியம்.

புது ஸ்டேடியம் எழும்பும்வரை சான் சிரோ நிற்கும், இரண்டு கிளப்பும் அங்கேதான் ஆடும். அதற்கப்புறம் ஒரு சின்னத் துண்டை மட்டும் ஞாபகார்த்தமாக விட்டுவைத்துவிட்டு மற்றதை இடிப்பதாகத் திட்டம். யானையை விற்றுவிட்டு வாலை மட்டும் வரவேற்பறையில் மாட்டுவதாக வாக்குறுதி!

அந்த ஸ்டேடியத்துக்கு 1980 முதல் இருக்கும் பெயர் ஜுசெப்பே மெயாஸ்ஸா. மிலனில் பிறந்தவர், இரண்டு உலகக் கோப்பை ஜெயித்தவர், இன்டருக்கும் ஆடியவர், ஏசி மிலனுக்கும் ஆடியவர். இரண்டு கட்சிக்கும் பொதுவான ஆள், இரண்டு கட்சிக்கும் பொதுவான வீடு, முழு நகரத்துக்கும் பொதுவான சொத்து. 'பொது' என்ற அந்த வார்த்தைதான் நவம்பர் 5-ம் தேதி பத்திரத்தில் காணாமல் போனது.

புது ஸ்டேடியம் பிரமாதமாகவே இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் நகரசபை என்பது நிலத்தரகர் ஆபீஸ் இல்லை. நம் கையில் இருக்கும் சொத்து நாம் சம்பாதித்தது இல்லை, முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போனது என்கிற கூச்சம் கொஞ்சமாவது இருக்கவேண்டும்.

மிலன் ரசிகர்கள், இன்டர் ரசிகர்கள், இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்ட இது ஓர் அரிய வாய்ப்பு. வாருங்கள். ஆனால் அந்த ஐந்து நாள் கணக்குக்கு முதலில் ஒரு பதில் சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.